நேற்று சாது, இன்று எமன்!
நீலகிரி ஓடைகளில் மீன்களைக் கொல்லும் கிருமிகளின் கதை

விடியற்காலை. ஏரிக் கரையில் கூட்டம். தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், செத்த மீன்கள்!

"யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "சாக்கடை வந்து விழுகிறதே, அதுதான் காரணம்" என்பார் இன்னொருவர். "மீனுக்கு ஏதோ கொள்ளை நோய். உடனே மருந்து போட வேண்டும்" என்பார் மூன்றாமவர்.

நம் ஊர்களில் மீன் செத்து மிதக்கும்போதெல்லாம் கேட்கும் பேச்சு இது. மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மூவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. மீனைக் கொல்லும் கிருமி நேற்றும் அதே தண்ணீரில்தான் இருந்தது. சென்ற மாதமும் இருந்தது. சில வேளைகளில் மீனின் உடம்பிலேயே குடியிருந்தது. அப்போதெல்லாம் சும்மா இருந்த கிருமி, இன்று மட்டும் ஏன் கொன்றது?

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கும் பதில் வியப்பானது. கிருமி தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறது! தண்ணீர் சூடா, குளிர்ச்சியா, இரும்புச் சத்து கிடைக்கிறதா, பக்கத்தில் தன் இனத்தார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்த பிறகே ஆயுதத்தை எடுக்கிறது.

குளிர்ந்த ஓடைகள் நிறைந்த நீலகிரிக்கு இது மிகவும் தேவையான செய்தி.

கப்பலில் வந்த மீன்

நீலகிரி ஓடைகளில் துள்ளும் டிரவுட் மீன் இந்த மண்ணில் பிறந்த மீன் அல்ல. ஊட்டிக்கு வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குத் தங்கள் ஊர் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்க ஆசை. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற டாக்டர் அதைக் கொண்டுவர முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே டேதான். மீன் முட்டைகள் கப்பலிலும் மாட்டு வண்டியிலும் வந்து சேர்வதற்குள் வெயில் அவற்றைக் கொன்றுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். சென்னை மாகாண அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் அவர். இலங்கையில் நுவரெலியா மலையில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த வானவில் டிரவுட்டின் வித்து இங்கே வந்தது. 1907-ம் ஆண்டில் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் ஏற்பட்டது.

அவலாஞ்சி என்ற பெயரே ஒரு விபத்தினால் வந்தது. பழைய காலத்தில் அங்கே மலை சரிந்து விழுந்தது. அந்தச் சரிவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தைதான் ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டில் அதே அவலாஞ்சி மறுபடியும் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது! சென்னையில் பல மாதங்களில் பெய்யும் மழை அங்கே ஒரு பகல் ஓர் இரவில் பெய்து முடிந்தது.

ஊட்டி ஏரிக்கு வேறொரு விருந்தாளி வந்தது. கண்ணாடிக் கெண்டை என்ற அந்த மீனை 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். டிரவுட்டுக்குத் தெளிந்த, குளிர்ந்த, ஓடுகிற நீர் வேண்டும். கெண்டைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. அது கலங்கல் நீரிலும் பிழைத்துக்கொள்ளும்.

குன்னூரில் ஒரு பெயர்ப் பலகை

அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் தொடங்கிய அதே 1907-ம் ஆண்டில் குன்னூரில் இன்னொரு நிலையமும் தோன்றியது. அதுதான் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையம். வெறிநாய்க்கடிக்கு மருந்து தேடி எத்தனையோ குடும்பங்கள் மலையேறி வந்த இடம் அது. இன்றும் தடுப்பூசி மருந்துகளோடு சேர்த்தே அந்தப் பெயரைச் சொல்கிறோம்.

அந்தப் பெயருக்குரிய லூயி பாஸ்டர் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி. அவர் மீனைப் பற்றி ஆராயவில்லை. கோழியையும் ஆட்டையும் பற்றி ஆராய்ந்தார். ஆனால் நம் கதையின் முதல் முடிச்சை அவிழ்த்தவர் அவர்தான்.

ஆந்த்ராக்ஸ் என்பது ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய். அந்தக் கிருமியைக் கோழிக்கு ஊசி போட்டுச் செலுத்தினால் கோழிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? கோழியின் உடம்புச் சூடு அதிகம்; ஏறக்குறைய 42 டிகிரி. (இந்தக் கட்டுரையில் சொல்லும் சூடெல்லாம் சென்டிகிரேடு கணக்கு. மனிதனுடைய உடம்புச் சூடு 37.) பாஸ்டர் ஒரு வேலை செய்தார். 1878-ல் ஒரு கோழியின் கால்களைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வைத்து, அதன் உடம்புச் சூட்டைக் குறைத்தார். பிறகு அதே கிருமியைச் செலுத்தினார். கோழி செத்தது! நோய் கண்ட இன்னொரு கோழியைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சூடேற்றினார். அது பிழைத்துக்கொண்டது.

கிருமியும் கோழியும் மாறவில்லை. தண்ணீரின் சூடுதான் சாவையும் வாழ்வையும் தீர்மானித்தது.

1881-ல் பாஸ்டரும் அவருடைய துணைவர்களும் இன்னொன்று கண்டார்கள். அந்தக் கிருமியை 42, 43 டிகிரிச் சூட்டில் பல நாட்கள் வளர்த்தால் அதன் கொடுமை போய்விடுகிறது. அது உயிரோடுதான் இருக்கும், ஆனால் கொல்லாது. பல் பிடுங்கிய பாம்பு மாதிரி! இதைத் தடுப்பூசிக்கும் பயன்படுத்தினார்கள். அது ஏன் அப்படி ஆகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. காரணம் தெரிய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

கவசம் கழன்றது

ஜெர்மனியில் டிரவுட் பண்ணைகளில் 1890-களில் ஒரு நோய் கண்டது. மீனின் உடம்பில் கட்டி கட்டியாக எழும்பும். உடைந்தால் உள்ளே ரத்தமும் சீழும் கலந்த நீர். மீன் கறுத்துப்போகும், இரை எடுக்காது, சில நாளில் செத்துப்போகும். 1894-ல் எம்மெரிக், வைபெல் என்ற இருவர் இந்தக் கட்டி நோயின் கிருமியைப் பற்றி எழுதினார்கள். ஏரோமோனாஸ் சால்மோனிசிடா என்பது அதன் பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். 'கட்டிக் கிருமி' என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் கிருமி தன் உடம்பைச் சுற்றி ஒரு புரதக் கவசம் அணிந்திருக்கிறது. மீனின் ரத்தத்திலுள்ள காவல் அணுக்களிடமிருந்து அது கிருமியைக் காக்கிறது. 1981-ல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் கட்டிக் கிருமியை வழக்கத்தைவிட அதிகமான சூட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். கவசம் இல்லாத கிருமிகள் பெருகின. அவற்றை மீனுக்குள் செலுத்தினால் மீன் சாகவில்லை!

பின்னால் வந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். கட்டிக் கிருமியிடம் ஊசி போன்ற ஒரு கருவி இருக்கிறது. மீனின் உயிரணுவில் அதைக் குத்தி, விஷத்தை உள்ளே தள்ளும். அந்த ஊசியைச் செய்வதற்கான 'குறிப்பு', கிருமியின் உடம்பில் ஒரு சின்ன வளையத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சுமார் 25 டிகிரிச் சூட்டில் கிருமியை வளர்த்தால், அந்தக் குறிப்பே தொலைந்துபோகிறது. பாஸ்டரின் ஆந்த்ராக்ஸ் கிருமிக்கும் இதேபோலத்தான் நேர்ந்தது. விஷம் செய்யும் குறிப்பு எழுதிய வளையம் அதிகச் சூட்டில் தொலைந்துபோயிருக்கிறது.

'அப்படியானால் ஓடை நீர் சூடாவது நல்லதுதானே?' என்று கேட்கத் தோன்றும். அதுதான் இல்லை. மலை ஓடையில் 25 டிகிரி வருவதற்குள் டிரவுட் திணறிப்போகும். 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அதற்குச் சுகம். ஆகவே டிரவுட் வாழக்கூடிய நீரில் கட்டிக் கிருமி ஆயுதத்தோடுதான் இருக்கும்.

மீனுக்குக் காய்ச்சல் உண்டா?

மனிதனைப் பிடிக்கும் கிருமி ஆற்றிலோ உணவிலோ இருக்கும்போது 20, 25 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் 37 டிகிரி. திடீரென்று சூடு ஏறுகிறது. 'ஆகா, வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம்!' என்று அது தெரிந்துகொள்ளும்.

மீன் அப்படியல்ல. தண்ணீர் எத்தனை டிகிரியோ, மீனின் உடம்பும் ஏறக்குறைய அத்தனை டிகிரிதான். வெளியே 14 டிகிரி என்றால் உள்ளேயும் 14. அப்படியானால் மீனுக்குள் நுழைந்துவிட்டோம் என்று கிருமி எப்படி அறியும்?

இங்கேதான் இரும்பு வருகிறது. ஏறக்குறைய எல்லா உயிருக்கும் இரும்புச் சத்து வேண்டும், இந்தக் கிருமிகளுக்கும் வேண்டும். மீனின் ரத்தத்தில் இரும்பு உண்டு. ஆனால் அது பெட்டியில் பூட்டி வைத்த நகை மாதிரி, புரதங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே நுழைந்த கிருமிக்குத் திடீரென்று இரும்புப் பஞ்சம் வந்துவிடும். அந்தப் பஞ்சமே அதற்கு அடையாளம். 'உள்ளே வந்துவிட்டோம், இனி கொள்ளை அடிக்கலாம்' என்று அது ஆயுதங்களை வெளியே எடுக்கிறது. இரும்பைக் கவ்விப் பறிக்கும் ஒரு பொருளை முதலில் உண்டாக்குகிறது.

இத்தாலியில் விலாங்கு மீன்களுக்கு ஒரு செங்கொள்ளை நோய் வருவதுண்டு. 1893-லேயே அதன் கிருமியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தக் கிருமி மீனிடமிருந்து இரும்பைப் பறிப்பதற்கான குறிப்பும் ஒரு சிறிய வளையத்தில்தான் இருக்கிறது என்று 1980-ல் குரோசா என்ற விஞ்ஞானி காட்டினார். வளையம் தொலைந்த கிருமி வெறும் தண்ணீர்ப் பூச்சி போல ஆகிவிடுகிறது.

குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று

எல்லாக் கிருமிக்கும் ஒரே சூடு பிடிப்பதில்லை. மலையில் டிரவுட் வளர்ப்பவர்களுக்குத் தொல்லையே இதில்தான்.

அமெரிக்காவில் ஐடஹோ என்ற மாநிலத்தில் 1950-களில் டிரவுட்டுக்கு வாய் சிவந்துபோகும் நோய் ஒன்று பரவியது. அதைக் கொடுக்கும் கிருமியைச் சோதனைக் குழாயில் 28 டிகிரியில் வைத்தால் நன்றாக வளர்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் அது ஆயுதங்களை அவ்வளவாக எடுப்பதில்லை. 18 டிகிரியில் வைத்தால் புரதத்தைக் கரைக்கும் விஷத்தையும், இரும்பைப் பறிக்கும் பொருளையும் தாராளமாக உண்டாக்குகிறது. நன்றாகச் சாப்பிட்டு வளர ஒரு சூடு; கொலை செய்ய வேறொரு சூடு! 18 டிகிரி என்பது கோடை நாளில் மலை ஓடை எட்டக்கூடிய சூடு.

இதற்கு நேர் எதிரான ஒரு கிருமியும் உண்டு. குளிர்நீர் நோயைக் கொடுப்பது அது. தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே போனால்தான் அதற்கு உற்சாகம். 10 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் மிகவும் கொடுமை செய்யும். குஞ்சுகளின் வால் பக்கத்துச் சதையை அரித்து, முள் தெரியும்படி செய்துவிடும். டிரவுட் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதும் குளிர் மாதங்களில்தான். ஊட்டிப் புல்வெளியில் வெள்ளை உறைபனி படியும் காலத்தில், பொரிப்பகத் தொட்டியில் ஒன்றுமறியாத குஞ்சுகள் நீந்திக்கொண்டிருக்கும். குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தியும் மெதுவாகத்தான் வேலை செய்யும். கிருமிக்கு அது நல்ல சமயம்.

வெயிலை விரும்பும் கிருமிகளைப் பற்றி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2010-ல் ஒரு முக்கியமான ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். எட்வர்ட்ஸியெல்லா என்ற கிருமி அது. கெளுத்தி, விலாங்கு போன்ற மீன்களைத் தாக்கும். அதன் மேல்தோலில் ஒரு புரதம் பதிந்திருக்கிறது. அது தெர்மாமீட்டர் மாதிரி வேலை செய்கிறது! 20 டிகிரிக்குக் கீழே என்றால் அந்தப் புரதம் 'பொறு' என்கிறது. 23 முதல் 35 டிகிரி வரை 'கிளம்பு' என்கிறது. 37 டிகிரிக்கு மேலே போனால் மறுபடியும் 'பொறு'. கண்ணுக்கே தெரியாத ஓர் உயிருக்குள் இப்படி ஒரு கருவி!

சமவெளியில் கெண்டை, கெளுத்தி வளர்ப்பவர்களுக்கு இது கோடைக்கால எச்சரிக்கை. மலைக்கும் அதில் பங்கு உண்டு. இந்திய டிரவுட் பண்ணைகளிலும் லாக்டோகாக்கஸ் என்ற கிருமியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண் பிதுங்கி மீன் சாகும். தண்ணீர் சூடாகும்போதுதான் அந்த நோய் தலைதூக்குகிறது.

கூட்டம் சேர்ந்தால் தைரியம்

தனியாக இருக்கும்போது வாய் திறக்காதவன், நாலு பேர் சேர்ந்ததும் சத்தம் போடுவதைப் பார்த்திருக்கிறோம். கிருமிகளிலும் அப்படி உண்டு. ஒவ்வொரு கிருமியும் தண்ணீரில் ஒரு ரசாயனத் துளியை விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் சிறியது என்றால் அது கரைந்து போய்விடும். கூட்டம் பெருகினால் துளிகளும் பெருகும். அதை வைத்து 'நாம் போதுமான பேர் சேர்ந்துவிட்டோம்' என்று அவை அறிந்து, எல்லாம் ஒரே சமயத்தில் விஷத்தைக் கக்கும். கட்டிக் கிருமியும் அதன் இனத்தாரும் இந்தப் 'பேச்சை' அறிந்தவை என்று 1990-களில் கண்டுபிடித்தார்கள்.

கூட்டம் சேர வேண்டுமானால் சோறு வேண்டுமே! மீன் தின்னாமல் விட்ட தீனி, மீனின் கழிவு, வீட்டுச் சாக்கடை, மழையில் அடித்துவரும் எரு எல்லாம் கிருமிக்குச் சோறுதான்.

மலை உச்சியில் மூச்சுத் திணறல்

மலைக்கே உரிய சங்கடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மீன் மூச்சு விடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை வைத்துத்தான். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அதிகம் கரையும்; சூடானால் குறையும். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கொள்ளும். 20 டிகிரி நீரில் சுமார் 9 தான்.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே அங்கே 20 டிகிரி நீரில் கரையக்கூடியது சுமார் 7 மில்லிகிராம்தான். டிரவுட்டுக்கு 6, 7 மில்லிகிராமாவது இருந்தால்தான் நிம்மதி. சமவெளிக்காரன் 'மலைத் தண்ணீர் சுத்தமான தண்ணீர்' என்று நினைக்கிறான். வெயில் காலத்தில் அந்த மீன் கழுத்தளவு நீரில் நிற்பவன் மாதிரி, விளிம்பில் நிற்கிறது. நாலு கூடை எரு வந்து சேர்ந்து அழுகினாலும் போதும், மூச்சு முட்டும்.

மூச்சு முட்டிய மீன் உடனே சாகாமல் போகலாம். ஆனால் துவண்டு போகும். அதன் எதிர்ப்புச் சக்தி குறையும். கூடவே இருந்த கிருமிக்கு அதுதான் வாசல்.

இதிலிருந்து ஏரிக் கரையில் கூடி நிற்பவர்களுக்கு ஓர் அடையாளம் கிடைக்கிறது. பல இன மீன்கள், பெரியதும் சிறியதுமாக, ஒரே இரவில் செத்து மிதந்தால் அது பெரும்பாலும் மூச்சுத் திணறல் அல்லது விஷம். கிருமி அவ்வளவு அவசரப்படாது. விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகவும் குறைவாக இருக்கும். ஆகவே மூச்சுத் திணறி நேரும் சாவு அந்த நேரத்தில் தெரியும். நாளுக்குப் பத்து, இருபது என்று, புண்ணும் கட்டியும் சிவப்புமாக, ஒரே இன மீன் சாகிறது என்றால் அப்போது கிருமியைச் சந்தேகிக்கலாம்.

1988-ல் நாடு பார்த்தது

தண்ணீர் மாறினால் நோய் எப்படிக் கிளம்பும் என்பதை நம் நாடு ஒரு முறை பெரிய அளவில் பார்த்தது. 1987-ல் இலங்கையில் மீன்களுக்குப் புண் நோய் வந்தது. 1988-ல் வடகிழக்கு இந்தியாவில் நுழைந்தது. அங்கிருந்து மாநிலம் மாநிலமாகப் பரவித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. விரால் போன்ற மீன்களின் உடம்பில் பள்ளம் பள்ளமாகப் புண். மீனைப் பார்த்து மக்கள் பயந்தார்கள், வாங்க மறுத்தார்கள். மீன் நல்லாயிருந்தாலும் விலை போகவில்லை. மீனவர் வீட்டு அடுப்பு எரியவில்லை.

முதலில் புண்ணில் ஏரோமோனாஸ் இனக் கிருமிகள் ஏராளமாக இருந்ததைப் பார்த்து, அதுதான் காரணம் என்றார்கள். பிறகுதான் உண்மை தெரிந்தது. முதல் குற்றவாளி பூசணம் போன்ற ஒரு நீர்வாழ் உயிர். அது தோலைக் கிழித்து வழி செய்து கொடுத்தது. பின்னால் நுழைந்தவைதான் கிருமிகள். இவை எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்தது எது? பல இடங்களில் மழைக்குப் பிறகு நீரின் அமிலத்தன்மை கூடியதும், குளிர் வந்து நீர் 20 டிகிரியை ஒட்டி இறங்கியதும்தான்.

தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில்

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். குந்தா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மழை இல்லாத பங்குனி, சித்திரையில் ஓடை நூலாக இளைக்கும்.

சோலைக் காட்டுக்குள் ஓடும் ஓடையில் கையை விட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். மேலே மரக் கூரை. பஞ்சு மாதிரி மண். பெய்த மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதே ஓடை மரமில்லாத சரிவில் வெயிலில் ஓடினால் சூடேறும். உருளைக்கிழங்கும் காரட்டும் போடும் சரிவில் மண்ணைக் கொத்தி விட்டிருப்பார்கள். ஒரு பெரிய மழை வந்தால் செம்மண்ணும் கோழி எருவும் சேர்ந்து ஓடைக்கு வரும். மண் மீனின் செவுளை உரசிப் புண்ணாக்கும். எரு கிருமிக்குச் சோறு போடும். தேயிலைத் தோட்டங்களில் போடும் உரமும் ஓரளவு இப்படி இறங்கும். ஆனால் நன்றாக மூடி வளர்ந்த தேயிலைச் செடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழி முழுவதையும் தோட்டத்தின் மேல் போட முடியாது.

ஊட்டி ஏரியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டிய ஏரி. ஊர் வளர்ந்தது, ஊரின் கழிவு நீர் பல ஆண்டுகளாக அதில் போய்ச் சேர்ந்தது. தூர் வாருவதும், சுத்தம் செய்வதும், மறுபடி அழுக்காவதும் மாறி மாறி நடக்கிறது. படகில் சவாரி செய்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம். மீன் என்ன செய்யும்?

மருந்தைக் கொட்டினால் தீருமா?

மீன் செத்தால் கடைக்கு ஓடி, ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் மருந்தை வாங்கித் தீனியில் கலப்பது பல பண்ணைகளில் வழக்கமாகிவிட்டது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். காரணம் இதோ: தண்ணீர் கெட்டிருக்கும்வரை கிருமிக்கு 'கிளம்பு' என்ற உத்தரவு வந்துகொண்டே இருக்கும். மருந்து நின்றதும் மறுபடி கிளம்பும். இதற்கிடையில் மருந்துக்குச் சாகாத கிருமிகள் தங்கிப் பெருகும். ஓடை அவற்றைக் கீழே உள்ள ஊர்களுக்குக் கொண்டு போகும். சில ஆன்டிபயாடிக் மருந்துகளை மீன் வளர்ப்பில் பயன்படுத்தவே கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது.

தடுப்பூசி நல்ல வழி. வாய்ச் சிவப்பு நோய்க்கு 1976-லேயே அமெரிக்காவில் தடுப்பு மருந்து விற்பனைக்கு வந்தது. மீன் குஞ்சுகளை மருந்து கலந்த நீரில் முக்கி எடுத்தால் போதும். கிருமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரசாயனப் பேச்சைக் கலைத்துவிடும் முறைகளையும் சோதித்து வருகிறார்கள். கிருமியைக் கொல்லாமல் ஆயுதத்தை மட்டும் உறையில் போட வைக்கும் யோசனை அது. இன்னும் பெரும்பாலும் சோதனைச் சாலையோடு நிற்கிறது.

மலைப் பண்ணையில் இன்றே செய்யக்கூடியவை எளிய வேலைகள். தொட்டியில் நெருக்கமாக மீன் விடக் கூடாது. வெயில் ஏறிய நாளில் தீனியைக் குறைக்க வேண்டும். அல்லது நிறுத்த வேண்டும். தண்ணீர் கல்லில் மோதிச் சிதறி விழும்படி செய்தால் பிராணவாயு ஏறும். செத்த மீனை உடனே எடுத்துப் புதைக்க வேண்டும். ஓடையில் எறியக் கூடாது. புது மீனைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

நோய் கண்டால் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. நாடு தழுவிய மீன் நோய்க் கண்காணிப்புத் திட்டம் ஒன்று 2013-ல் தொடங்கியது. மீன் நோயைக் கைப்பேசியிலிருந்தே தெரிவிக்கும் செயலியை மத்திய அரசு 2023-ல் வெளியிட்டது. மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் சொல்லலாம். 'சொன்னால் பண்ணையை மூடிவிடுவார்கள்' என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மறைத்த நோய் அடுத்த பண்ணைக்குப் போய்த் திரும்பி வரும்.

நாம் சாப்பிடலாமா?

வீட்டில் தாய்மார்கள் கேட்பது இதைத்தான். டிரவுட்டைக் கொல்லும் குளிர்நீர்க் கிருமிகளுக்கு மனிதனின் 37 டிகிரி உடம்புச் சூடு ஒத்துவராது. கட்டிக் கிருமி அந்தச் சூட்டில் சாதாரணமாக வளர்வதே இல்லை. ஆனால் அதன் உறவுக்காரக் கிருமிகள் சில, வெதுவெதுப்பான நீரில் வாழ்பவை, மனிதனையும் பிடிக்கும். கையில் வெட்டுக் காயத்தோடு மீன் கழுவினால் காயம் வழியாக உள்ளே போகலாம். காயம் இருந்தால் மீனைத் தொடாதீர்கள். அல்லது உறை போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக வெந்த மீனில் கிருமி பிழைக்காது. ஆனால் செத்து மிதந்த மீனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது கிருமியால் செத்ததா, விஷத்தால் செத்ததா என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. விஷம் என்றால் அடுப்பில் வைத்தாலும் போகாது.

மலையில் மீனைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'எத்தனை ஆயிரம் குஞ்சுகள் விட்டோம்' என்ற கணக்குதான் முன்னால் வருகிறது. குஞ்சை விடும் ஓடையின் நீர் பங்குனி மாதப் பிற்பகல் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி என்ற கணக்கைக் கேட்பவர் குறைவு. கிருமி அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. அதைக் குறித்து வைக்க ஒரு தெர்மாமீட்டரும், ஒரு நோட்டுப் புத்தகமும், காலையிலும் மாலையிலும் ஓடைக்குப் போய் வர ஓர் ஆளும் போதும்.